சுன்னத்துச் சடங்கும் அரசின் கட்டளையும்



காத்தான்குடியிலிருந்து தெற்கு நோக்கி அக்கரைப்பற்று வரையும் செல்லும் கடற்கரைப் பெருந்தெருவிலே பயணஞ் செய்யும் புதியவர் ஒருவர்க்கு, ஓர் ஊர் எவ்விடத்தில் முடிகின்றது, மற்றோர் ஊர் எவ்விடத்தில் தொடங்குகின்றது என்பதனைக் கண்டுகொள்ளுதல் எளிதன்று. கோயிற் கோபுரமும் பள்ளிவாசலின் மினாராவும் மாறி மாறித் தோன்றும். இரு திறத்தாரும் பேசுவது தமிழே. இரு திறத்தாரும் தாய்வழியாகவே குடி எண்ணுவர். பெண்ணுக்கு வீடு கொடுத்து, மணமகனை அவ்வீட்டிற்கு அழைத்துக்கொள்வதும் இரு திறத்தார்க்கும் பொதுவான வழக்கமே. மங்கல நிகழ்ச்சியிலே பெண்கள் இடும் குரவையொலியை மட்டும் கேட்டு, அது தமிழர் வீடோ முஸ்லிம்கள் வீடோ என்று சொல்லிவிடல் இயலாது. முக்குவர்க்கும் திமிலர்க்கும் நிகழ்ந்த போரில் முஸ்லிம்கள் முக்குவர்க்குத் துணைநின்று, பின்னர் அவர்கள் குலத்திலே பெண்கொண்டனர் என்பது இப்பகுதியின் பழங்கதை. போர்த்துக்கேயர் தம் ஆட்சிக்குட்பட்ட கரைநாட்டினின்றும் முஸ்லிம்களை வெளியேற்றியபொழுது, கண்டியரசன் செனரத் 1626ஆம் ஆண்டிலே அவர்களுள் ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என்பது வரலாறு.

மொழியாலும் குடியாலும் இத்துணை நெருங்கிய இரு சமூகங்களிடையே, ஆண்மகனின் உடலிலேயே அழியாது பொறிக்கப்படும் வேறுபாடு ஒன்று உண்டு. அதுவே சுன்னத்து. நூல்வழக்கில் விருத்தசேதனம் என்றும், அரபு வழக்கிற் கத்னா என்றும், ஊர்வழக்கிலே சுன்னத்துக் கல்யாணம் என்றும் வழங்கும் இச்சடங்கு பற்றி அண்மைக் காலத்தில் உலகெங்கும் ஒரு வினா எழுந்துள்ளது. தானாகச் சம்மதம் சொல்ல இயலாத ஒரு பிள்ளையின் உடலிலே, சமயத்தின் பெயரால் கத்தி வைப்பதற்குப் பெற்றோர்க்கு உரிமை உண்டோ? இல்லையெனின், அதனை அரசு தடைசெய்தல் வேண்டுமோ? நான் அச்சமயத்தவன் அல்லேன். எனினும் முப்பதாண்டுகளுக்கு மேலாக இரு சமூகத்துப் பிள்ளைகளுக்கும் பாடஞ் சொல்லி வந்தவன் என்ற முறையில், இவ்வினாவை வரலாற்றின் துணைகொண்டு ஆராய விரும்புகின்றேன்.

இச்சடங்கு யூத சமயத்தினும் இஸ்லாத்தினும் மூத்தது. எகிப்து நாட்டின் சக்காரா என்னுமிடத்தில் அங்க்மஹோர் என்னும் அதிகாரியின் கல்லறைச் சுவரிலே, இற்றைக்கு 4,000 ஆண்டுகளுக்கு முன்னரே இக்காட்சி செதுக்கப்பட்டுள்ளது. யூதர் வேதத்தின் ஆதியாகமம், ஆபிரகாமின் வழித்தோன்றல்கள் பிறந்த எட்டாம் நாளில் இதனைச் செய்தல் வேண்டும் எனக் கூறுகின்றது. முஸ்லிம்களின் திருக்குர்ஆனிலே இதுபற்றிய வெளிப்படையான கட்டளை இல்லை. ஆயின் நகம் வெட்டுதல், மீசை கத்தரித்தல் முதலிய இயல்பான தூய்மைகளுள் ஒன்றாக நபிமொழிகள் இதனைக் கூறுகின்றன. ஹனபி, மாலிக்கி என்னும் சட்ட நெறியினர் இதனை நபிவழி, அஃதாவது சுன்னத்து, என்ற அளவிலே கொண்டனர். ஷாபிஈ நெறியினரோ இதனைக் கட்டாயக் கடமையாகவே கொண்டனர். இலங்கை முஸ்லிம்களுட் பெரும்பாலோர் ஷாபிஈ நெறியினர். கடமை என்று கொண்டவர்களும் அதனைச் சுன்னத்து என்றே அழைத்துவருவது சொல்லின் விந்தையாகும். சட்ட நெறிகளுக்கிடையேயுள்ள இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றினும், பின்னே பெண் மக்களைப் பற்றிப் பேசும்பொழுது அதன் கனம் புலப்படும்.

இச்சடங்கைத் தடைசெய்ய அரசர்கள் முயன்றது புதிதன்று. கிறித்துவுக்கு முன் 167ஆம் ஆண்டை ஒட்டிச் சிரிய வேந்தன் அந்தியோக்கு எப்பிபானு யூதர்களுக்கு இதனைத் தடுத்தான். தடையை மீறித் தம் குழந்தைகளுக்கு இதனைச் செய்வித்த தாய்மார் கொல்லப்பட்டனர். அதன் விளைவு மக்கபேயர் என்னும் குடும்பத்தாரின் கிளர்ச்சி; கிளர்ச்சியின் முடிவிலே யூதர்க்கு ஓர் அரசே கிடைத்தது. உரோமப் பேரரசன் ஹேட்ரியன் இட்ட தடையே கி.பி. 132இல் மூண்ட யூதக் கிளர்ச்சிக்குக் காரணம் என்று ஒரு பழைய வரலாற்று நூல் கூறும். அக்கூற்றை ஏற்போரும் மறுப்போரும் அறிஞருள் உளர். ஆனால் அடுத்து வந்த பேரரசன் அந்தோனினு பயு, யூதர் தம் சொந்தப் புதல்வர்க்கு மட்டும் இதனைச் செய்யலாம் என விலக்களித்தான் என்பதிலே ஐயமில்லை. தடை தோற்றது, ஒழுங்கு நின்றது. பின்னைய நூற்றாண்டுகளிலே ஸ்பெயின், போர்த்துக்கல் நாடுகளிலும், 1560இல் கோவாவில் நிறுவப்பட்ட சமய விசாரணை மன்றத்திலும், மதம் மாற்றப்பட்ட ஒருவன் மறைவாகப் பழைய நெறியைப் பின்பற்றுகின்றான் என்பதற்குச் சுன்னத்தே சான்றாகக் கொள்ளப்பட்டது.

தடுத்த கொடுமை ஒருபுறம் இருக்க, வலிந்து செய்வித்த கொடுமையும் உண்டு. 1780களில் திப்பு சுல்தானின் சீரங்கப்பட்டணத்திலே சிறைப்பட்டிருந்த ஆங்கிலச் சிறுவர் பலர்க்கு அவர்கள் விருப்பத்திற்கு மாறாகச் சுன்னத்துச் செய்யப்பட்டது. அவர்களுள் ஒருவனான ஜேம்ஸ் ஸ்கரி தப்பி வந்து எழுதிவைத்த சிறைவரலாறு 1824இல் வெளிவந்தது. ஒரு வீட்டிலே மாப்பிள்ளைக் கோலமாகிய சடங்கு, மற்றோரிடத்திலே மானபங்கமாயிற்று. கத்தி ஒன்றே, வெட்டும் ஒன்றே. வேற்றுமை எங்கிருந்தது என்றால், யாருடைய விருப்பத்தின்பேரில் என்ற அவ்வொன்றிலேயே இருந்தது. இந்த நூற்றாண்டுச் சிந்தனையாளர் சம்மதம் என்னும் சொல்லை இவ்வழக்கின் நடுவிலே கொண்டுவந்து வைப்பது அதனாலேதான். 1947இல் இந்தியப் பிரிவினைக் கலவரத்தின்போது இதே சின்னம் ஆண்மகனை வாழவைக்கவும் சாகவைக்கவும் போதியதாயிற்று என்பதனையும் மறத்தலாகாது. பிள்ளையின் உடலில் இடும் குறி, அப்பிள்ளை தேர்ந்தெடாத ஒரு வரலாற்றையும் அதன் தலையிற் சுமத்துகின்றது.

இனி நம் வாவிக்கரைக்கு வருவோம். இங்கே பழங்காலந்தொட்டு இத்தொழிலைச் செய்துவந்தோர் ஒஸ்தா எனப்படுவோர். ஆசான் என்று பொருள்படும் உஸ்தாத் என்னும் பாரசீகச் சொல்லின் திரிபே அது. பெயரிலே ஆசானாயினும் ஊரிலே அவர்க்குக் கிடைத்த இடம் உயர்ந்ததன்று. அவர்கள் நாவிதத் தொழிலும் பரம்பரையாகச் செய்தவர்கள். 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் அக்கரைப்பற்றிலே தங்கி இரு சமூகங்களையும் ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, பிறர் பெண் கொடுக்கவும் கொள்ளவும் தயங்கும் தனிப் பிரிவினராக ஒஸ்தாக்கள் இருந்ததைப் பதிந்துள்ளார். சமயம் கடமையென விதித்த ஒன்றைச் செய்துகொடுக்கும் கையைச் சமூகம் தாழ்வாக நோக்கிற்று. தமிழர் தம் அம்பட்டரையும் வண்ணாரையும் நடத்திய விதத்தை அறிந்தோர்க்கு இது வியப்பாகாது. இரு சமூகங்களும் இதிலும் ஒன்றுபோலவே இருந்திருக்கின்றன.

சுன்னத்துக் கல்யாணம் அக்காலத்தில் மெய்யாகவே கல்யாணமாகத்தான் நடந்தது. சிறுவனுக்குப் புத்தாடையும் தொப்பியும் அணிந்து மாலையிட்டு ஊர்வலமாக அழைத்துச் செல்வர். பெண்கள் குரவையிடுவர். உறவினர் பணமும் பரிசும் வழங்குவர். பின்பு சவரக் கத்தி. அதன்பின் பாயிற் படுக்கை. புண்ணிலே துணி படாதிருக்கும் பொருட்டு, போர்வையின் நடுவைக் கயிற்றாற் கட்டி மேலே கூரையிலிருந்து தொங்கவிடுவர். மயக்க மருந்தோ வலிபோக்கும் ஊசியோ அக்காலத்தில் இல்லை. பெரியவர்கள் பிடித்துக்கொள்வர், அவ்வளவே. மூன்றாந் தவணை தொடங்கி மாணவர் மீண்டும் வகுப்புக்கு வரும் நாளிலே, சாரத்தின் முன்புறத்தை இரு விரலாற் பிடித்துத் தூக்கியபடி அடிமேல் அடிவைத்து நடந்துவரும் சிறுவரை நான் இளம் ஆசிரியனாயிருந்த காலத்திற் கண்டிருக்கின்றேன். அவர்கள் முகத்தில் வலியும் இருந்தது, பெருமையும் இருந்தது. பக்கத்து வாங்கிலிருந்த தமிழ்ச் சிறுவர் அவர்க்கு இடம் ஒதுக்கிக் கொடுத்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்று அந்நிலை பெரிதும் மாறிவிட்டது. இக்காலத்துப் பெற்றோர் மகனை வைத்தியரிடம் கொண்டுசெல்கின்றனர். விறைப்பூசி போடப்படுகின்றது, கருவிகள் கிருமி நீக்கப்படுகின்றன. இம்மாற்றத்தை எந்த அரசாங்கமும் கட்டளையிட்டுக் கொண்டுவரவில்லை. ஊரிலே வைத்தியர் தோன்றினர், அவர்களும் அவ்வூர்ப் பிள்ளைகளே, ஆதலின் ஊரவர் அவர்களை நம்பினர். ஒஸ்தாக்களின் பிள்ளைகளுக்கும் தந்தையின் கத்தியைத் தொடவேண்டிய தேவை ஒழிந்தது. அதனைப் பிழைப்பின் இழப்பு என்பதா, இழிவிலிருந்து விடுதலை என்பதா? நான் விடுதலை என்றே கூறுவேன்.

ஆனால் இம்மாற்றம் ஓரிடத்தில் வந்து நின்றுவிட்டது. அதுவே பெண்குழந்தையின் காரியம். ஆண்பிள்ளைக்குச் செய்வதை ஊரறியச் செய்வர். பெண்குழந்தைக்குச் செய்வதை அயலறியாமற் செய்வர். பிறந்து நாற்பதாம் நாளையொட்டி, ஒஸ்தா மாமி என்று அழைக்கப்படும் முதியவள் ஒருத்தி வீட்டுக்கு வந்து, குழந்தையின் மறைவிடத்திலே சிறிது கீறிவிட்டோ சிறிதளவு வெட்டிவிட்டோ செல்வாள். ஊர்வலம் இல்லை, பரிசில் இல்லை. வீட்டு ஆடவர் பலர்க்கு அது நடந்ததே தெரியாது. அக்குழந்தை வளர்ந்து பெரியவளாகித் தன் மகளுக்கு அதே நாள் வரும்போதுதான், தனக்கும் அது நடந்ததென அறிந்துகொள்பவள் உண்டு. இவ்வழக்கம் எல்லா வீட்டிலும் இல்லை என்பதனையும், கொழும்பு வாழ் போறா சமூகத்தாரிடையிலும் உண்டு என்பதனையும் உடன் சொல்லிவிடுகின்றேன்.

2017ஆம் ஆண்டின் இறுதியிலே பெண்கள் தொடர்பான பாராளுமன்றக் குழு இதுபற்றி விசாரிக்கத் தொடங்கிற்று. முஸ்லிம் பெண்கள் சிலர் தமக்கு நேர்ந்ததை முதன்முறையாக எழுத்தில் எழுதிக்கொடுத்தனர். 2018 மே மாதத்தில் சுகாதார அமைச்சு, வைத்தியர் எவரும் இதனைச் செய்தல் கூடாது எனச் சுற்றறிக்கை விடுத்தது. முஸ்லிம் அமைப்புக்கள் சில அதனை எதிர்த்தன. ஆபிரிக்க நாடுகள் சிலவற்றில் நடைபெறும் கொடிய சிதைப்பு வேறு, எங்கள் வழக்கம் வேறு. எங்களது ஒரு சிறு கீறலே என்பது அவர்கள் வாதம். அவ்வேறுபாடு பொய்யன்று. உலக சுகாதார நிறுவனமே இதனை நான்கு வகையாகப் பிரித்து, சிறு கீறலையும் குத்தலையும் நான்காம் வகையில் அடக்கியுள்ளது. எனினும் என் மனத்தில் ஒரு கேள்வி எழுகின்றது. ஒன்றும் ஆவதில்லை என்னும் அளவிற்கு அது சிறிதாயின், அதனை விட்டுவிடுவதால் இழப்பு யாது? ஏதோ ஆவது உண்மையாயின், பேச்சறியாக் குழந்தைக்கு அதனைச் செய்வானேன்?

சமய நெறியும் இவ்விடத்தில் ஒரே குரலிற் பேசவில்லை. ஆண்மக்கள் பற்றி எல்லா நெறியினரும் ஏறக்குறைய உடன்படுவர். பெண்மக்கள் பற்றிக் கட்டாயம் என்பது பெரும்பாலும் ஷாபிஈ நெறியின் கருத்தே. அந்நெறி மிகுந்த எகிப்து நாட்டின் தலைநகர் கெய்ரோவிலே 2006ஆம் ஆண்டு கூடிய அறிஞர் மாநாடு, பெண்களுக்குச் செய்யும் வெட்டுதலுக்குத் திருக்குர்ஆனிலோ ஐயமற்ற நபிமொழியிலோ ஆதாரம் இல்லை என்று கூறிற்று. அடுத்த ஆண்டில் ஒரு சிறுமி அச்சடங்கினால் இறந்தபொழுது, எகிப்தின் தலைமை முப்தி அதனை விலக்கப்பட்டது என்று அறிவித்தார். 2008இல் அந்நாடு சட்டமும் இயற்றிற்று. ஆகவே இவ்வழக்கத்தைக் கைவிடும் ஒரு முஸ்லிம் தாய் தன் சமயத்தைக் கைவிடுகின்றாள் என்று கூறுதல் பொருந்தாது.

ஆண்பிள்ளைகளின் காரியத்தைத் தடைசெய்தல் வேண்டுமோ என்னும் வினா 2012இல் ஜெர்மனியிலே கூர்மையடைந்தது. நான்கு வயதுடைய முஸ்லிம் சிறுவனுக்கு வைத்தியர் ஒருவர் சுன்னத்துச் செய்ய, இரண்டு நாளிற் குருதி பெருகி அவன் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டான். கோல்ன் நகர நீதிமன்றம் மே மாதம் 7ஆந் திகதி அளித்த தீர்ப்பிலே, சமயக் காரணத்துக்காகச் செய்யும் இவ்வெட்டு உடற்காயமே என்றும், பிள்ளையின் உடலுரிமை பெற்றோரின் சமயவுரிமையினும் மேலானது என்றும் கூறிற்று. சட்டம் தெளிவாக இல்லாமையால் வைத்தியர் விடுவிக்கப்பட்டார். தீர்ப்பைக் கேட்டு யூதரும் முஸ்லிம்களும் ஒருங்கே கலங்கினர். யூதரை அழிக்க முயன்ற நாட்டிலே யூதச் சடங்கு குற்றமாவதா என்ற கூச்சமும் அந்நாட்டாரிடையே எழுந்தது. அவ்வாண்டு டிசம்பர் 12ஆந் திகதி ஜெர்மன் பாராளுமன்றம், 434 வாக்குக்கு 100 என்ற கணக்கிலே, மருத்துவ ஒழுங்கின்படி செய்யப்படுமாயின் பெற்றோர் இதற்குச் சம்மதிக்கலாம் எனச் சட்டஞ் செய்தது. அதற்கு முன்பே 2001இல் சுவீடன், வலிபோக்கும் மருந்து கொடாமல் செய்யலாகாது என்றும், குழந்தைக்கு இரண்டு மாதம் கடந்தால் வைத்தியரே செய்தல் வேண்டும் என்றும் விதித்திருந்தது. 2018இல் ஐஸ்லாந்துப் பாராளுமன்றத்தில் ஆறாண்டுச் சிறைத்தண்டனையோடு ஒரு தடைச்சட்ட மசோதா கொண்டுவரப்பட்டது, அது நிறைவேறவில்லை.

வைத்திய அறிஞரும் ஒருமுகமாக இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012இல், நன்மை தீங்கினும் மிகுதி, ஆயினும் எல்லார்க்கும் செய்யுமாறு விதிக்கும் அளவிற்கு அன்று எனக் கூறிற்று. நெதர்லாந்து வைத்தியர் சங்கமோ 2010இல் மருத்துவக் காரணமின்றிச் செய்வதை ஊக்குவிக்கலாகாது என்றது. எயிட்ஸ் நோய் பரவுதலை இது குறைக்கும் என்பது ஆபிரிக்காவில் நடந்த ஆய்வுகளால் நிறுவப்பட்டதே. ஆனால் அவ்வாய்வுகளில் ஈடுபட்டோர் தாமே முன்வந்த வளர்ந்த ஆடவர். அந்நோய் மிகக் குறைவாகவுள்ள இலங்கையின் பச்சிளங் குழந்தைக்கு அதனைக் காரணமாகக் காட்டுதல் அத்துணைப் பொருத்தமன்று. மருந்தின் பெயரால் சடங்கைக் காப்பதும், மருந்தின் பெயரால் சடங்கை ஒழிப்பதும் ஒருவகையில் நேர்மைக் குறைவே. செய்வோர் சமயத்துக்காகச் செய்கின்றனர். அதனை அவ்வாறே ஒப்புக்கொண்டு வழக்காடுதல் நன்று.

நம் நாட்டுச் சட்டத்தை நோக்குவோம். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, 12 வயதுக்குட்பட்ட பிள்ளையின் நன்மைக்காகப் பாதுகாவலரின் சம்மதத்தோடு நல்லெண்ணத்துடன் செய்யப்படும் செயலைக் குற்றமெனக் கொள்வதில்லை. நன்மை என்பதிலே சமய நன்மையும் அடங்குமா என்பதை அது சொல்லவில்லை. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு சமய நம்பிக்கைக்கு முழு உரிமையும், சமய ஒழுகலாற்றிற்குப் பொதுச் சுகாதாரம் முதலியவற்றுக்கு உட்பட்ட உரிமையும் அளிக்கின்றது. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயம், பிள்ளையைச் சமய நெறியில் வழிநடத்தப் பெற்றோர்க்குள்ள உரிமையை ஓர் உறுப்பிலும், பிள்ளையின் உடல்நலத்துக்குக் கேடான மரபு வழக்கங்களை ஒழிக்கும் கடமையை மற்றோர் உறுப்பிலும் கூறுகின்றது. இரு கட்சியாரும் ஒரே ஏட்டை விரித்துக்கொண்டு வாதிடலாம்.

ஆயினும் சட்ட ஏட்டைப் புரட்டுமுன், பொதுச் சுகாதாரம் என்ற சொல் இப்பகுதி முஸ்லிம்களின் செவியில் எவ்வாறு ஒலிக்கும் என்பதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2020ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில், கொரோனா நோயால் இறந்தோர் எம்மதத்தவராயினும் எரிக்கப்படல் வேண்டும் என அரசாங்கம் வர்த்தமானி மூலம் கட்டளையிட்டது. புதைப்பதால் நோய் பரவும் என்பதற்குச் சான்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் கூறியும் பயனில்லாதாயிற்று. நீதி தேடி உயர் நீதிமன்றம் சென்றோரின் மனுக்கள் அவ்வாண்டு டிசம்பர் 1ஆந் திகதி தள்ளுபடியாயின. இருபது நாட் குழந்தையொன்றும் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. 2021 மார்ச் மாதத்திலேதான் புதைக்க இடங்கொடுத்தனர். அந்த இடம் நம் மாவட்டத்து ஓட்டமாவடி. நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் கொண்டுவரப்பட்ட 3,000க்கு மேற்பட்டோர் அங்கே அடக்கப்பட்டனர். அவர்களுட் பிறமதத்தோரும் உளர். 2024 ஜூலை மாதத்திலே அமைச்சரவை அதற்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. உங்கள் நலத்துக்காகவே தடுக்கின்றோம் என்று அரசு மீண்டும் வந்து வாயிலிலே நின்றால், ஓட்டமாவடியை நினைந்துகொள்ளாத முஸ்லிம் எவருளர்?

இந்துக்களாகிய நாமும் நம் வீட்டைச் சற்று நோக்கலாம். காவடியிலே முதுகிற் செடில் குத்தி ஆடும் சிறுவரைத் திருவிழாக்களிற் காண்கின்றோம். குழந்தைக்குக் காது குத்தும்போது அதன் அழுகையைக் கேட்டுச் சிரிக்கின்றோம். காது குத்தலும் சுன்னத்தும் அளவில் ஒன்றல்ல. ஆனாற் பிள்ளையைக் கேளாமற் செய்தல் என்னும் தன்மையில் ஒன்றே. அரசின் ஆயுதத்தை அயலவன் வீட்டுக்கு அனுப்புவோர், அது தம் வீட்டையும் ஒருநாள் தட்டும் என்பதனை எதிர்பார்த்தே அனுப்புதல் வேண்டும்.

என் கருத்தை மறையாது கூறுகின்றேன். ஆண்பிள்ளைகளின் சுன்னத்தைத் தடைசெய்தல் கூடாது. தடை செய்யின் அது நிற்காது. வைத்தியரின் கையிலிருந்து மீண்டும் மறைவிடத்துச் சவரக் கத்திக்கே செல்லும். அந்தியோக்கு காலந்தொட்டு வரலாறு காட்டுவது அதுவே. ஆனால் ஒழுங்கு செய்தல் அரசின் கடமை. பதிவுபெற்ற வைத்தியரே செய்தல் வேண்டும்; வலிபோக்கும் மருந்தின்றிச் செய்தலாகாது; நோயுற்ற பிள்ளைக்குச் செய்தலாகாது; விவரமறிந்த வயதினனாயின், அவனைக் கேட்டே செய்தல் வேண்டும்; அவன் மறுப்பின் பிடித்துக்கொள்ளக் கூடாது. இவற்றுள் எதனையும் மார்க்கம் தடுப்பதாக நான் அறியேன். உடலுரிமை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதானே, ஒன்றை விடுத்து மற்றொன்றை மட்டும் தடுப்பது எங்ஙனம் என்று கேட்போரின் வாதம் வலிமையுடையது என்பதை உணர்கின்றேன். கொள்கையளவில் அதற்கு முழுமையான விடை என்னிடம் இல்லை. ஆயினும் ஒன்று ஒரு சமயத்தார் யாவரும் ஊரறியப் போற்றும் அடையாளம். மற்றொன்று அச்சமயத்தாரே உடன்படாத, பெண்ணுக்கே சொல்லப்படாத மறைவுச் செயல். சட்டம் கொள்கையை மட்டுமன்றி வாழ்வையும் நோக்கி நடப்பது.

பெண்குழந்தைக்குச் செய்வதைச் சட்டம் தெளிவாகத் தடுத்தல் வேண்டும். ஆனால் அச்சட்டம் முஸ்லிம் பெண்களின் வாயிலிருந்து பிறத்தல் வேண்டும். 1829இல் உடன்கட்டை ஏறுதல் தடுக்கப்பட்டபொழுது ராஜாராம் மோகன்ராயின் குரல் உள்ளிருந்து எழுந்திருந்தது. மேற்காபிரிக்கக் காம்பியா நாடு 2015இல் பெண்களுக்கான வெட்டுதலைத் தடைசெய்து, மக்கள் மனத்தை மாற்றாமையால், 2024இல் அத்தடையை நீக்கும் மசோதாவோடு போராட நேர்ந்தது. ஜூலை மாதத்திலே பாராளுமன்றம் அம்மசோதாவை நிராகரித்தமையால் தடை தப்பியது. பாராளுமன்றக் குழுவுக்குத் தம் கதையை எழுதிய அம்முஸ்லிம் பெண்கள், இந்நாட்டிலே அந்தக் குரலின் தொடக்கம். அவர்களைச் சமூகத் துரோகிகள் என்று ஏசுவோரும், அவர்கள் எழுத்தை எடுத்து முஸ்லிம்களைத் தூற்றுவதற்குப் பயன்படுத்துவோரும் ஒரே தீங்கையே செய்கின்றனர். இருவராலும் அடுத்த பெண் வாய்மூடிவிடுகின்றாள்.

2018ஆம் ஆண்டின் சுற்றறிக்கை வைத்தியரைக் கட்டுமேயன்றி, ஒஸ்தா மாமியைக் கட்டாது. 2024ஆம் ஆண்டு முடியும் வரையில் இதற்கெனத் தனிச் சட்டம் எதுவும் இயற்றப்படவில்லை. நாற்பதாம் நாளில் ஒஸ்தா மாமிக்கு ஆளனுப்புவதோ அனுப்பாதிருப்பதோ, தாயும் பாட்டியும் அடுக்களையிலிருந்து தாழ்ந்த குரலிற் பேசி முடிக்கும் காரியமாகவே இருந்துவந்துள்ளது.